நரி நாற்காலியும் ஒரு முழக் கம்பியும்

9

சுசெட் ரூவின் காரிலிருந்து சைலன்சர் கழன்று விழுந்தபோது டோர்ஸ்ஃபொன்டைன் பண்ணைக்கு இன்னும் ஒரு மைல் மிச்சமிருந்தது.

துப்பறியும் தொழிலில் அவளுக்கு உதவியாளனான ஃப்ளிப் இறங்கினான். வாயிலிருந்த உப்புக்கண்டத்தை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சாலையோர வேலியை நோட்டம் விட்டான். அதில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு கம்பித் துண்டை முறுக்கி உருவினான். காருக்கடியில் மல்லாந்து படுத்தான். கொஞ்ச நேரத்தில் சைலன்சர் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

"ஆட்டுத் திருட்டுப் பிரிவுல போலீஸா இருந்தவ காரு," என்றாள் சுசெட். "அதுல திருட்டுக் கம்பி. நல்லா இருக்குடா."

"திருட்டு இல்லக்கா. நம்ம கரூ பொட்டக்காட்டுல கம்பிக்கு ஓனரே கிடையாது. யாருக்குக் கடைசியா தேவைப்படுதோ அவன்தான் ஓனர்."

வேறு நாளாக இருந்தால் சுசெட் சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. நாளைக் காலை ஸாரல் அப்போலிஸை விட்கிராஸ் லாக்கப்பிலிருந்து பெரிய ஊர் சிறைக்கு ஏற்றிவிடுவார்கள். முதலாளியைக் கொன்ற வேலைக்காரன் என்று ஃபைலில் எழுதி அனுப்பினால், அந்தச் சிறையிலிருந்து ஒரு ஆள் திரும்பி வருவதற்குள் வீட்டில் இருப்பவர்களின் தலை நரைத்துவிடும். போலீஸில் இருந்தபோது அப்படி எத்தனையோ பேரை அவளே ஏற்றி அனுப்பியிருக்கிறாள்.

பண்ணையில் அவர்களுக்காகக் காத்திருந்தவள் ஸாரலின் மனைவி ராகேல். தாய் செத்த ஆட்டுக்குட்டிகளை அடைத்திருந்த சின்னப் பட்டிக்குள் நின்று புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் வெளியே வந்தாள். பின்னாலேயே வர முண்டிய குட்டிகளை முழங்காலால் தள்ளிக்கொண்டு, கதவைச் சாத்தி, அதைக் கம்பியால் முறுக்கிக் கட்டினாள். கை தன்பாட்டில் முறுக்கியது, கண் சுசெட்டின் முகத்தில் இருந்தது.

"விட்டுடுவாங்களா மேடம்?"

"இன்னும் நான் எதையுமே பாக்கலையே ராகேல். முதல்ல முதலாளி விழுந்த அந்த நாற்காலியக் காட்டு."

"ஷெட்டுல இருக்கு. நான் அதுக்குள்ள போனதே இல்ல மேடம். குளிர்காலம் பூரா ரெண்டு பேரும் அங்கதான் கெடந்தாங்க. சாப்பிடக் கூப்பிடப் போனா, 'பொம்பளைக்கு இங்க என்ன வேல'ன்னு முதலாளி கதவச் சாத்திடுவாரு. ஐம்பது வயசு ஆளுங்க, பம்பரம் கெடச்ச பசங்க மாதிரி ஆடினாங்க." அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "அவரு முதலாளியக் கொல்லுவாரா மேடம்? திட்டுவாரு. முதலாளியும் திட்டுவாரு. சாயங்காலம் ஒரே பிளாஸ்க்குல காப்பி குடிப்பாங்க."

*

ஷெட்டுக்குள் போன ஃப்ளிப் விசில் அடித்தான்.

"அக்கா, இது நாற்காலி இல்ல. சிம்மாசனம்."

ராத்திரியில் பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்து நரி சுடுவதற்காக, செத்துப்போன பண்ணைக்காரர் டீல்மானும் அவருடைய ஓட்டுநர் ஸாரலும் சேர்ந்து செய்த பொருள் அது. பள்ளத்தில் உருண்டு ஒழிந்த ஏதோ ஒரு லாரியின் டிரைவர் சீட். சீட்டுக்கடியில் தண்ணீர்க் குழாய்களை வளைத்து வெல்டிங் செய்த சட்டம். கால் வைக்க ஒரு கட்டிலின் தலைமாட்டுக் கம்பி. துப்பாக்கியைச் சாய்த்து வைக்க, தோல் சுற்றிய ஒரு கவை. இடது கைப்பக்கம் விளக்கு மாட்டும் கொக்கி. விளக்கின் முகத்தில் பிஸ்கட் டப்பாவின் சிவப்பு பிளாஸ்டிக் மூடியை வெட்டி ஒட்டியிருந்தார்கள், சிவப்பு வெளிச்சத்தை நரி பொருட்படுத்தாது என்பதால். இத்தனையும் எந்தப் பக்கமும் சத்தமில்லாமல் சுழல வேண்டும். அதற்காகப் பழைய டிராக்டரின் முன்சக்கர ஹப்பைக் கழற்றி, அதன் தண்டைப் பிக்கப் வண்டியின் தளத்தில் செங்குத்தாக நிறுத்தி, சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் சட்டத்தைப் பூட்டியிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரே பெயின்ட். ரோட்டில் கோடு போடுகிற பெயின்ட்.

"நரி வேட்டைக்கு மஞ்ச கலரா?" என்றான் ஃப்ளிப். "நரிக்குக் கண்ணு கூசி, போதும்டா சாமின்னு தானா வந்து விழணும்னா?"

"மிச்சம் இருந்த பெயின்ட் அதுதான். வாயை மூடிட்டு இந்த நட்டைப் பாரு."

சீட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது. தண்டின் உச்சியில் உட்கார வேண்டிய பெரிய நட்டு இப்போது சுசெட்டின் உள்ளங்கையில் இருந்தது. கோட்டை மதில் மாதிரி பல் வெட்டிய நட்டு. தண்டில் ஒரு ஓட்டை உண்டு. பல்லின் இடுக்கு வழியாக அந்த ஓட்டைக்குள் ஒரு ஸ்பிளிட் பின்னைச் செருகினால் நட்டு அசையாது. பின் இல்லாமல் நாற்காலியை இடதும் வலதுமாகச் சுற்றினால் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே கழன்று மேலே வரும். அப்புறம் ஒரு பள்ளம் போதும்.

சனிக்கிழமை ராத்திரி நடந்தது அதுதான். நரியை வரவழைக்க, ஒலிபெருக்கியில் அடிபட்ட முயலின் அழுகையைப் போட்டிருந்தார்கள். தூரத்தில் இரண்டு கண்கள் மின்னின. டீல்மான் வண்டியின் கூரையைத் தட்டினார், ஸாரல் வண்டியை நகர்த்தினான். காய்ந்த ஓடையில் சக்கரம் இறங்கியதும் நாற்காலி தண்டிலிருந்து எகிறிப் பக்கவாட்டில் போய்விட்டது. டீல்மான் சீட் பெல்ட் போட்டிருந்தார். பாதுகாப்புக்கு என்று ஸாரல் வற்புறுத்தி வைத்த பெல்ட் அது. நாற்காலியோடு சேர்ந்து போனவர் நாற்காலிக்கு அடியில் கிடந்தார்.

"பின் எங்கக்கா?"

"பின் எப்பவுமே இல்ல. செய்யும்போதே உடைஞ்சுபோச்சுன்னு டீல்மான் நோட்டுல எழுதி வச்சிருக்காரு. அடுத்த தடவ டவுனுக்குப் போறப்ப வாங்கிக்கலாம்னு, அதுவரைக்கும்..."

"கம்பி."

"கம்பி."

ஃப்ளிப் தலையில் அடித்துக்கொண்டான். 'அதுவரைக்கும்' கட்டிய கம்பியில்தான் கரூவில் பாதிப் பண்ணைகள் ஓடுகின்றன. அப்பன் 'அதுவரைக்கும்' என்று கட்டியது மகன் காலத்திலும் இருக்கும்.

"விட்கிராஸ் போலீஸ் கேப்டன் சொல்ற கணக்கு இதுதான்," என்றாள் சுசெட். "அந்தக் கம்பிய நம்பித்தான் நாற்காலி நிக்குதுன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் செத்துட்டான். இன்னொருத்தன் வண்டி ஓட்டினான். அன்னைக்கு மத்தியானம் ஆட்டையெல்லாம் வித்துட்டு மான் பண்ணை வைக்கப்போறேன், வீட்டைக் காலி பண்ணுங்கன்னு டீல்மான் சொல்லியிருக்காரு. ஸாரல் கத்தினது பக்கத்துப் பண்ணை வரைக்கும் கேட்டுருக்கு."

"கணக்கு சரியாத்தான இருக்கு."

"கம்பி எங்க?"

"கழட்டினவன் தூக்கிப் போட்டிருப்பான்."

சுசெட் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "காலைல என்னடா சொன்ன? உன் வாழ்க்கைல எப்பவாவது ஒரு நல்ல கம்பியத் தூக்கிப் போட்டிருக்கியா?"

ஃப்ளிப் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"இல்லக்கா. யாருமே போடமாட்டாங்க."

"அப்ப அது எங்கயோ எதையோ கட்டிட்டு இருக்கு. வாய்க்காலா, வேலியா, வண்டியா தெரியாது. அதக் கட்டினவன்தான் நமக்கு வேணும். எப்படி இருக்கும்னு பாரு." நட்டைச் சுற்றிப் படிந்திருந்த பெயின்ட்டைக் காட்டினாள். மஞ்சளில் வரிவரியாகக் கம்பி கிடந்த தடம். "டீல்மான் ஒரு சுத்து போதுங்கிற இடத்துல ஒரு முழத்தச் சுத்தியிருக்காரு. கம்பி இருக்கும்போதே பெயின்ட் அடிச்சிருக்காங்க. வெளிய தெரிஞ்ச இடமெல்லாம் மஞ்ச. மறைஞ்ச இடமெல்லாம் வெறும் கம்பி. பிரிச்சு நீட்டினா பட்டை பட்டையா இருக்கும். ஊரு உலகத்துல அப்படி ஒரு கம்பி இன்னொண்ணு கிடையாது."

"நாலாயிரம் ஏக்கர்ல ஒரு முழக் கம்பி," என்றான் ஃப்ளிப். "உங்கள நம்பி வேலைக்கு வந்தேன் பாருங்க."

"அதத் தேட ஸாரலக் கேட்டாலே போதும். வண்டிய எடு."

*

விட்கிராஸ் லாக்கப்பில் ஸாரல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கைது செய்த நாளிலிருந்து அவன் சொன்னது ஒரே வாக்கியம்தான். அதையே மறுபடியும் சொன்னான்.

"நான்தான் ஓட்டினேன். எழுதிக்கோங்க."

"ஓட்டினது குத்தமில்ல ஸாரல். கம்பிய யாரு எடுத்தாங்கங்கறதுதான் கேள்வி. உனக்கு நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன்." சுசெட் லாக்கப் கம்பிகளின் பக்கமாகக் குனிந்தாள். "அந்தக் கம்பியக் கண்டுபிடிக்க முடியும். மஞ்சப் பட்டை இருக்கும். அது யாருகிட்ட இருக்கோ அவன் மாட்டிப்பான், நீ வீட்டுக்குப் போயிடலாம்."

ஸாரலின் முகம் வெளுத்துப்போனது. எழுந்து வந்து கம்பிகளைப் பிடித்துக்கொண்டான்.

"தேடாதீங்க."

"என்னது?"

"தேட வேணாம் மேடம். நான்தான் பண்ணேன். முதலாளி வீட்டக் காலி பண்ணச் சொன்னாரு, கோவம் வந்துச்சு, கம்பிய உருவிட்டேன். போதுமா?"

"உருவி எங்க போட்ட?"

"ஓடைல."

"அப்ப அந்தக் கை எப்படி நசுங்குச்சு?" என்றான் ஃப்ளிப். ஸாரலின் வலது கை கட்டுப் போட்டிருந்தது. அந்த ராத்திரி நாற்காலியைத் தனியாளாகப் புரட்டித் தூக்கப் பார்த்ததில் இரண்டு விரல் நசுங்கியிருந்தன. கொல்ல நினைத்தவன் விரலை நசுக்கிக்கொண்டு தூக்கமாட்டான்.

ஸாரல் கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவர்கள் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தான்.

"குட்டிங்க எல்லாம் பால் குடிக்குதா?"

"குடிக்குது."

"ராகேல்கிட்ட சொல்லுங்க. பட்டிக் கதவுக்குச் சங்கிலி போடச் சொல்லுங்க. ஷெட்டுல ஆணில தொங்குது. இன்னைக்கே போடச் சொல்லுங்க மேடம்."

வெளியே வந்ததும் ஃப்ளிப் உப்புக்கண்டத்தை எடுத்தான். "ஆளு நாளைக்கு ஜெயிலுக்குப் போறான். கவலை பூரா பட்டிக் கதவு மேல. நான் ஜெயிலுக்குப் போனா உங்களுக்கு என்ன சேதி சொல்லியனுப்புவேன் தெரியுமாக்கா? சைலன்சர..."

அவன் நிறுத்திவிட்டான். சுசெட் கார்க் கதவில் கை வைத்தபடி அசையாமல் நின்றிருந்தாள்.

"அக்கா?"

"தன்னைக் காப்பாத்துற சாட்சியத் தேடாதேன்னு ஒருத்தன் கெஞ்சுறான். எதுக்குடா?"

"அந்தச் சாட்சி இன்னொருத்தர மாட்டிவிடும்னா..." ஃப்ளிப்பின் குரல் இறங்கியது. "பட்டிக் கதவு எதால கட்டியிருந்துச்சு?"

"காலைல என் கண்ணு முன்னாடிதான் கட்டினா. நான் பாக்கவே இல்ல."

*

ஃப்ளிப் பண்ணையை நோக்கிக் காரை விரட்டினான். கம்பியால் கட்டிய சைலன்சர் மட்டும் அடியில் கடகடத்துக்கொண்டே வந்தது.

"வேணும்னு எடுத்திருக்கமாட்டா," என்றான் ஃப்ளிப் கடைசியில்.

"அவ ஷெட்டுக்குள்ளயே போனதில்ல. அந்தக் கம்பி எதுக்குன்னே அவளுக்குத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் வண்டி பட்டிப் பக்கம் நின்னிருக்கும். தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கும். குட்டி வெளிய ஓடியிருக்கும். கைக்கு எட்டுற தூரத்துல ஒரு கம்பி துருத்திட்டு இருந்திருக்கு. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

ஃப்ளிப் சாலையோர வேலியைத் திரும்பிப் பார்த்தான். காலையில் உருவிய வேலிக் கம்பி எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அவன் பார்க்கக்கூட இல்லை.

"அப்ப கேப்டன்கிட்ட இதச் சொல்லுவோம். விபத்துன்னு."

"சொல்லு. கேப்டன் என்ன சொல்லுவாரு? வீட்டக் காலி பண்ணச் சொன்ன அன்னைக்கே புருஷன் கத்தினான், பொண்டாட்டி கம்பிய உருவினா. ஒருத்தன் மேல இருந்த கேஸ் ரெண்டு பேரு மேல ஆகும்."

"சொல்லலன்னா?"

"ஸாரல் போவான். அவனே ஒத்துக்கிட்டானே."

"வேற வழி ஏதாவது யோசிங்கக்கா. நீங்கதான பெரிய ஆளு."

சுசெட் யோசித்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ முடிச்சை அவிழ்த்திருக்கிறாள். அவிழ்த்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாத முடிச்சை இன்றுதான் பார்க்கிறாள். கம்பியை ஒளித்தால் நிரபராதி உள்ளே போகிறான். காட்டினால் இரண்டு நிரபராதிகள் போகலாம். கண்டுபிடித்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது. அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் பக்கத்தில் ஃப்ளிப் இருந்தான், அதனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராகேல் அதே பட்டியருகே நின்றிருந்தாள். கார் நின்றதும் ஓடி வந்தாள்.

"பாத்தீங்களா மேடம்? சாப்பிட்டாரா?"

"பாத்தேன். கதவுக்குச் சங்கிலி போடச் சொன்னாரு."

"சங்கிலியா? எதுக்கு? கம்பி நல்லாத்தான இருக்கு."

சுசெட் கதவைப் பார்த்தாள். ஃப்ளிப்பும் பார்த்தான். ராகேல் முன்னால் அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருவரும் வழியில் பேசி வைத்திருந்தார்கள். சூரியன் சரியாக அதன்மேல் அடித்தது. ஒரு விரல் மஞ்சள், ஒரு விரல் வெறும் கம்பி, மறுபடியும் மஞ்சள்.

ராகேல் அவர்களுடைய கண்கள் போன இடத்துக்குத் தன் கண்ணையும் கொண்டுபோனாள். அவளுக்கும் அது வரைக்கும் நிறம் தெரிந்ததில்லை. கம்பி என்றால் கம்பி, அவ்வளவுதான். மெதுவாகக் கையை நீட்டி அதைத் தொட்டாள்.

"இது அந்த நாற்காலிலதான் இருந்துச்சு," என்றாள். "சனிக்கிழம... குட்டி ரெண்டு வெளிய ஓடிடுச்சு. நரி சுத்துதேன்னு பயம். வண்டி இங்கதான் நின்னுச்சு. கம்பி நுனி வெளிய நீட்டிட்டு இருந்துச்சு, சும்மா சுத்தி வச்சிருக்காங்கன்னு..." அவள் சுசெட்டைப் பார்த்தாள். "சும்மா சுத்தி வச்சது இல்லையா மேடம்?"

சுசெட் இல்லை என்று தலையசைத்தாள்.  ஃப்ளிப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னைக்கு ராத்திரி ஆளக் கூப்பிட ஓடி வந்தப்பவே கதவுல பாத்திருப்பாரு. அதான் வாயத் திறக்கல."

ராகேல் பட்டிக் கதவில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே குட்டிகள் அவள் பாவாடையைச் சப்ப ஆரம்பித்தன. பிறகு நிமிர்ந்து, முறுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்து, கம்பியை எடுத்து இரண்டு கையாலும் சுசெட்டிடம் நீட்டினாள்.

"என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. நான் சொல்றேன்."

"ராகேல், கேளு. நீ சொன்னா ஸாரல விட்டுடுவாங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. ரெண்டு பேரையும்..."

"எங்கள மாதிரி ஆளுங்க சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, தெரியும் மேடம். ஆனா அவரு மட்டும் அங்க உக்காந்திருக்க, நான் இங்க பால் காய்ச்சிட்டு இருக்கவா?"

அவள் போய்க் காரின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். கம்பியைச் சுசெட் வாங்கிக்கொள்ளவில்லை, அதனால் அது ராகேலின் மடியிலேயே கிடந்தது. சுசெட் ஓட்டுநர் பக்கம் ஏறி இன்ஜினைக் கிளப்பினாள். சாவியைத் திருப்புவதைத் தவிர அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை.

ஃப்ளிப் மட்டும் பட்டிக்கருகே நின்றான். கதவைத் திறந்தபடி விட்டுப் போக முடியாது. குட்டிகள் அதற்குள் அவன் கால்களுக்கிடையில் நுழைய ஆரம்பித்திருந்தன. அவற்றை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கட்ட ஏதாவது கிடைக்குமா என்று சுற்றும் முற்றும் பார்த்தான். சங்கிலி ஷெட்டில் இருந்தது, அதை எடுக்கப் போனால் குட்டிகள் வெளியே வந்துவிடும். அவன் கண் நேராகக் காரின் அடியில் சைலன்சரைக் கட்டிய கம்பியில் போய் நின்றது. சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பின் சீட்டிலிருந்து ராகேல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்:

"அங்க ஏதாவது கம்பி கெடக்கும் பாருங்க தம்பி. எடுத்துக் கட்டிட்டு வாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுசெட் இன்ஜினை அணைத்தாள். ஃப்ளிப் கதவைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றுகொண்டே இருந்தான்.